கஞ்சி போட்ட ஜெர்சி

ஐந்தாவது ஆட்டத்திலும் மெல்வில் கல்லூரி தோற்றது. மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. இவன் அந்தக் கல்லூரியில் படித்தவனா, அங்கே வேலை பார்ப்பவனா? ஒன்றும் கிடையாது. டன்லப் ஸ்ட்ரீட்டில் சலவைக்கடை வைத்திருப்பவன். அவர்களுடைய கூடைப்பந்து ஜெர்சிகளை ஆறு வருடமாக வெளுத்துக் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஆனால் போன வருடம், ஐம்பத்தேழில், பையன்கள் கோப்பையைத் தூக்கியபோது விக்கி விக்கி அழுதவன் இவன்தான். மனைவி ரத்தினம்மாகூட, "பெத்த புள்ள ஜெயிச்ச மாதிரில்ல அழுவுறீங்க" என்றாள். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

கோப்பை வாங்கியவர்கள் மிடுக்காக வர வேண்டாமா? யாரும் கேட்காமல், தானாகவே இந்த வருடம் ஜெர்சிகளுக்குக் கஞ்சி போட ஆரம்பித்தான். கெட்டிக் கஞ்சியில் முக்கி, இஸ்திரிப் பெட்டி போட்டு, அட்டை மாதிரி மடித்துக் கொடுத்தான். பத்துப் பேரும் அதைப் போட்டுக்கொண்டு ஓடி வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆட்டம்தான் விளங்கவில்லை. எதிராளி பந்தை எறியும்போது ஒருத்தனாவது கையை முழுசாகத் தூக்கினால்தானே. இன்னும் ஒரு தோல்வி, லீக்கை விட்டே வெளியே.

அன்று பொறுக்க முடியாமல் உடை மாற்றும் அறைக்கே போய்விட்டான்.

"கை இருக்குல்ல? தூக்குறதுக்கு என்ன கேடு? ஹாஸ்டல்ல சோறு போடலையா?"

கேப்டன் தனசேகரன் ஜெர்சியைக் கழற்றினான். இரண்டு அக்குளிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படியே.

"என்னப்பா இது?"

ஆ லெங் என்ற சீனப் பையன் மலாயில், "பாஜு கெராஸ், லா" என்றான். சட்டை விறைப்பாம்.

"மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"ஆசையா செஞ்சீங்கண்ணே" என்றான் தனசேகரன். "எப்படிச் சொல்றது?"

மருதப்பனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஐந்து ஆட்டம் இவர்கள் வலியோடு ஆடியிருக்கிறார்கள். இவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து திட்டியிருக்கிறான்.

அன்றே ஜெர்சிகளை வெந்நீரில் ஊறப்போட்டான். கஞ்சி லேசில் போகவில்லை. அலசிக்கொண்டே இருந்தான். காயக் காயக் கையாலேயே கசக்கி மெதுவாக்கினான். பெட்டி வைத்தால் ஒட்டியிருக்கும் கஞ்சி மறுபடி விறைத்துக்கொள்ளும், அதனால் வைக்கவில்லை. ரத்தினம்மா எட்டிப் பார்த்து, "இதையா குடுக்கப் போறீங்க? கடை பேரு என்னாவும்?" என்றாள். அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது.

சனிக்கிழமை, ஹேப்பி வேர்ல்ட் அரங்கம். மெல்வில் பையன்கள் கசங்கிய ஜெர்சியோடு ஓடி வந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிரணிக்கு வெளுக்கும் அழகப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, மாடு மென்னு துப்புனாப்புல இருக்கு. உன் வெளுப்பா?"

"தெரியல" என்றான் மருதப்பன். சொன்னதும் நாக்கு கசந்தது.

பாதி ஆட்டத்தில் மெல்வில் எட்டுப் புள்ளி பின்னால். அவமானத்துக்கு அவமானம், தோல்விக்குத் தோல்வி என்று குமைந்துகொண்டிருந்தான். மறுபாதி தொடங்கியதும் எதிரணி நெட்டையன் ஒருவன் கூடைக்குப் பந்தை எறிந்தான். தனசேகரன் எகிறினான். இரண்டு கையும் முழுசாக, காதை ஒட்டி மேலே போயின. பந்து கூடைப் பக்கமே போகவில்லை.

"எவன் வெளுத்தானோ, பாவம்" என்று அழகப்பன் இன்னும் அந்த ஜெர்சிப் பேச்சிலேயே இருந்தான்.

மருதப்பன் எழுந்து நின்றான். நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னான்: "நான்தான்யா வெளுத்தேன். மருதப்பன், டன்லப் ஸ்ட்ரீட். பெட்டி வைக்காததும் நான்தான். இப்ப ஆட்டத்தப் பாரு."

அப்போதும் மெல்வில் பின்னால்தான் இருந்தது. எட்டு நாலாகி, நாலு ஒன்றாகி, கடைசி நிமிடத்தில் ஆ லெங் போட்ட பந்தில் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். மருதப்பனுக்குப் பெருமை நெஞ்சுக்குள் அடங்கவில்லை. இந்தத் தடவை அழவில்லை, சத்தமாகச் சிரித்தான்.

கூட்டம் கலைகிறபோது அழகப்பன் கிட்டே வந்தான். அவன் கண் தன் அணிப் பையன்கள் மேல் இருந்தது. ஒருவன் விறைத்த ஜெர்சியை இழுத்துவிட்டு அக்குளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எத்தன தண்ணி அலசுன?" என்று கேட்டான் மெதுவாக.

"ஏழு" என்றான் மருதப்பன்.