பெயரை எடுத்துக்கொண்ட பசி

ஃபெர்லினுக்கு இரைப்பையைச் சுருக்கி அறுவை சிகிச்சை செய்த பத்தாம் நாள், அவளுடைய பசி ஆட்டோவில் வந்து இறங்கியது. அதற்கும் பதினாறு வயது. அவளுடைய பழைய பருமன், அதே இரட்டைச் சடை. நேராக உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தது.

அப்பா அந்தோணிராஜ் தூத்துக்குடியில் பேர்போன பரோட்டா மாஸ்டர். நான்கு பொரிச்ச பரோட்டா வைத்தார். பசி தின்றது. இன்னும் நான்கு வைத்தார். அதையும் தின்றது. பத்து நாளாக வாடிக் கிடந்த அவர் முகம் மலர்ந்தது.

எதிரே ஃபெர்லின் மூன்று ஸ்பூன் பருப்புத் தண்ணீர் குடித்தாள். வயிறு நிறைந்துவிட்டது. பரோட்டா இப்போது அவளுக்கு ஈரச் சுவர் போல வாடையடித்தது. பரோட்டா ஆசை போனதில் வருத்தமில்லை. அப்பாவின் முகம்தான் தன் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் பசியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடக்க நடக்க வராந்தா நீண்டது. மத்தியானம்தான் அலுவலகம் வந்தது. பசியை ஆஸ்பத்திரி திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை, ஒருவர் பெயரில் பதிந்து தரலாம் என்ற குமாஸ்தா, படிவத்தை நீட்டினார்.

"பசிக்கிற ஆளு கையெழுத்துப் போடணும்."

ஃபெர்லினுக்குப் பசிக்கவில்லை. பசி கையெழுத்துப் போட்டது. அத்துடன் அதன் பெயர் ஃபெர்லின் ஆயிற்று. அடுத்த நாள் அவளுடைய சீருடையில் பள்ளிக்கூடம் போனது. சீருடை அதற்குத்தான் பொருந்தியது.

பெயரில்லாமல் வீட்டிலிருந்தவளுக்கு இதுவரை வராத ஓர் ஆசை வந்தது. அப்பாவிடம் போய் நின்றாள்.

"எப்பா, ஒரு வெள்ளரிக்கா வேணும்."

நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அப்பா மரியாதையாக விசாரித்தார். இந்த வீடுதான் என்றாள். அவர் சந்தைக்குப் போய் வாங்கிவந்து, கொத்து பரோட்டா கொத்தும் தகட்டால் நறுக்கினார். அவள் இரண்டு துண்டு தின்றாள். அவர் மூன்றாவதை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கை அப்படியே நின்றது.

"போதுமா?" என்றார். அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"போதும்ப்பா."

அந்தத் துண்டை அவரே வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. ஒனக்கு என்ன பேரு வைக்கலாம்?"

அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.