ஒன்றாம் வகுப்பு, அ பிரிவு

திருமுல்லைவாயிலில் லோகநாதனின் குடும்பம் நான்கு தலைமுறையாக இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட நிமிர்ந்து நிற்கிறது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்கும். நெல் விளைந்த இடத்தில் மனை விளைந்தது. மனை விளைந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியது. நிலமெல்லாம் விற்றுப் போன பிறகும் அந்தக் குடும்பத்திடம் மிச்சமிருந்தது முதுகெலும்பு ஒன்றுதான். அதை வளையாமல் பார்த்துக்கொள்வதே தன் வேலை என்று லோகநாதன் அறுபத்தாறு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தார். நம்பியதில் தவறில்லை. அந்த வேலைக்கு ஓய்வு வயது கிடையாது என்பதுதான் வீட்டிலுள்ளவர்களுக்குச் சிரமம்.

அவருடைய ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா ஐந்து வருடமாக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். குரூப் டூ இரண்டு முறை, குரூப் ஃபோர் மூன்று முறை. காலை எட்டு மணிக்குள் அம்பத்தூர் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தாக வேண்டும். பிந்தி வந்தவர்களுக்குச் சன்னலோரத்து வெயில். மாலையில் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகள் வரும். அவற்றின் மீது ஆட்சேபங்கள் போகும். ஆட்சேபங்களை ஆராய்ந்து இறுதி விடைகள் வரும். அதற்குள் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகி, ஒருத்திக்குப் பிள்ளையும் பிறந்திருக்கும். பட்டியல் மட்டும் வந்திருக்காது.

தெருவில் யாராவது, "இன்னா லோகு, பாப்பாவுக்கு லிஸ்டு வந்துச்சா?" என்று கேட்டால் லோகநாதனிடம் பதில் தயாராக இருந்தது.

"வரும். கியூவுல நின்னா கையில குடுக்கறதுக்கு இது இன்னா ரேஷன் சர்க்கரையா?"

கேட்டவர் வாயடைத்துப் போவார். ஐந்து வருடத்தில் தெருவில் பாதிப்பேரை அவர் இப்படி வாயடைக்க வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை பட்டியல் வந்தேவிட்டது. கிருஷ்ணப்பிரியா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரே நின்றாள். முகத்தில் சிரிப்பும் இருந்தது, தயக்கமும் இருந்தது.

"ப்பா, வந்துடுச்சு. பொதுவுல பாத்தா எனக்கு எடம் வராது. தமிழ் மீடியம் கோட்டால கண்டிப்பா வரும்."

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நூற்றுக்கு இருபது இடம் தனியே உண்டு. எந்தப் பயிற்சி மையத்திலும் முதல் நாளே சொல்லிவிடும் செய்தி இது. லோகநாதனுக்கு மட்டும் இந்த வீட்டில் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்த மீடியம்?" என்றார்.

"நான் படிச்ச மீடியம்."

உள்ளேயிருந்து மனைவி சித்ராவின் குரல் வந்தது. "நீங்க சேத்துவுட்ட மீடியம்."

சேர்த்துவிட்ட கதை இருபத்திரண்டு வருடம் பழையது. எதிர்வீட்டுப் பங்காளி தட்சிணாமூர்த்தி தன் மகள் வர்ஷாவை முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்த வாரம் அது. அதே வாரம் லோகநாதனும் மகளை அழைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த உதவிபெறும் பள்ளிக்குப் போனார். அங்கே அ பிரிவு தமிழ், ஆ பிரிவு ஆங்கிலம். விண்ணப்பத்தில் பயிற்று மொழி என்ற இடத்தில் "ஆங்கிலம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தார். பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலப் பிரிவுக்குப் பெற்றோரிடம் நேர்காணல் உண்டு என்பது. நாலு தலைமுறைக் குடும்பத்தின் தலைவரை ஒரு டீச்சரம்மா உட்காரவைத்துக் கேள்வி கேட்பதா? எழுந்து வந்துவிட்டார். பிள்ளை அ பிரிவில் உட்கார்ந்தது.

தெருவுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. "இங்கிலீஷ் மீடியம்தான்" என்றார். அன்று சொன்னதைக் காப்பாற்ற அடுத்த பன்னிரண்டு வருடமும் சொல்ல வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நாற்காலி போட்டு, மகளின் கையில் ஆங்கிலச் செய்தித்தாளைக் கொடுத்து உட்காரவைப்பார். அவள் அதில் விளையாட்டுப் படங்களைப் பார்ப்பாள். தெரு அவளைப் பார்க்கும்.

அந்த ஒதுக்கீட்டுக்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்கித் தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழிச் சான்றிதழ் ஒரே நாளில் கிடைத்தது. தொடக்கப் பள்ளியில்தான் சிக்கல். பதிவேற்றம் செய்ய வெள்ளிக்கிழமை மாலை வரை அவகாசம். புதன்கிழமை தலைமையாசிரியை வசந்தா அப்பாவையும் மகளையும் எதிரே உட்காரவைத்து ஒரு பழைய காகிதத்தை நகர்த்தினார். இரண்டு கோடுகள் மங்காமல் இருந்தன.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"இதுல இங்கிலீஷ்னு இருக்கு. நான் தமிழ்னு எப்படி சர்டிபிகேட் தர்றது?"

"அட்டெண்டன்ஸ் எடுத்துப் பாருங்க மேடம்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "நான் அ செக்ஷன்."

"அந்த வருஷத்து ரிஜிஸ்டரெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சும்மா. அட்மிஷன் ஃபைல் மேல் அலமாரில இருந்ததால தப்பிச்சுது."

எது போக வேண்டுமோ அது தப்பித்து, எது தப்பிக்க வேண்டுமோ அது போயிருந்தது. வெள்ளத்துக்கும் லோகநாதன் மேல் ஏதோ கோபம்.

"ஒரு வழி இருக்கு," என்றார் வசந்தா. "நீங்க எழுதினது தப்புன்னு சார் ஒரு லெட்டர் குடுங்க. கூடவே அதே செக்ஷன்ல படிச்ச பிள்ளையோட அப்பாவோ அம்மாவோ ஒரு லெட்டர். ரெண்டும் வந்தா கையெழுத்துப் போட்டுடறேன்."

"தப்புன்னு மட்டும் எழுதுனா போதுமா?"

"ஏன் தப்பா எழுதினீங்கன்னும் எழுதணும் சார். மேல கேப்பாங்க இல்ல?"

லோகநாதன் எழுந்தார். அந்தப் பள்ளியிலிருந்து அவர் அப்படி எழுந்து வருவது இரண்டாவது முறை.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னார். "வேணாம். அடுத்த வருஷம் இன்னும் நல்லாப் படிச்சு பொதுவுலயே வா. நம்ம குடும்பத்துல எவனும் கோட்டால பொழச்சதில்ல."

"நம்ம குடும்பத்துல எவனும் பரிச்சையே எழுதுனதில்லப்பா."

"வாய் பேசாத."

"பேசல. எனக்கு இருபத்தேழு. அஞ்சு வருஷமா லைப்ரரில என் தலைக்கு மேல சுத்தன ஃபேனுக்குக் கூட என்னைத் தெரியும். ஒரே ஒரு லெட்டருப்பா. எழுதுனா வேல. இல்லன்னா இல்ல." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லோகநாதன் சமாளித்திருப்பார்.

"வெளிய தெரிஞ்சா எவ்ளோ அசிங்கம்?"

"இன்னா வெளிய? லிஸ்ட்லயே கீது, என் நம்பருக்கு நேரா தமிழ் மீடியம்னு. அதை மறைக்கறதுக்கும் யாருகிட்டயாவது லெட்டர் வாங்கணுமா?"

மறுநாள் காலை லோகநாதன் வாசலுக்கு வந்தபோது கேட்டுக்கு அருகில் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. வரலாறு, புவியியல், பொருளாதாரம், கணக்கு, ஐந்து வருடத்து நடப்பு நிகழ்வுகள். இடுப்பு உயரத்துக்கு நான்கு அடுக்கு. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் மகள்.

"இது இன்னாது?"

"பழைய பேப்பர்காரரு பத்து மணிக்கு வராரு. பக்கத்துத் தெருவுல கீறாராம்."

"தெருவுல வெச்சுக்கினா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"பொண்ணு ஃபெயிலுன்னு நெனப்பான்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து தட்சிணாமூர்த்தி துணி உலர்த்தும் சாக்கில் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் துணி உலர்த்துவது அவர் வேலை அல்ல என்பது தெருவுக்கே தெரியும்.

லோகநாதன் வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு அவமானங்களை எடை போட வேண்டியதாயிற்று. மகள் தமிழ் வழியில் படித்தாள் என்பது ஒன்று. மகள் தோற்றாள் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். பொய்யைத் தாங்கித் தாங்கி அவருக்குத் தோள் பழகியிருந்தது. ஆனால் இந்தப் பொய் அவர் சொன்ன பொய் அல்ல. அடுத்தவன் சொல்லப்போகும் பொய்யை அவரால் தாங்க முடியாது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "அந்த ஆளு வந்தா திருப்பி அனுப்பு," என்று கேட்டைச் சாத்தினார்.

ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த ஆட்டோ நிறுத்தத்தில் துலுக்கானம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ராஜகுமாரி கிருஷ்ணப்பிரியாவோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவள். அந்தக் காரணத்தாலேயே துலுக்கானத்தை எதிரில் பார்த்தால் லோகநாதன் வருடக்கணக்காக வானத்தைப் பார்ப்பார்.

"அண்ணாத்தே! இன்னா இந்தாண்ட? எங்க போவணும், குந்து."

"எங்கயும் போவல. உங்கிட்ட ஒரு லெட்டரு வேணும்." லோகநாதன் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவும் உன் பொண்ணும் ஒரே கிளாஸுல படிச்சாங்கன்னு."

"இதான் மேட்டரா? எழுதிக் குடுத்துடறேன். அ செக்ஷன், தமிழ் மீடியம்."

லோகநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது உனக்கு இன்னும் ஞாபகம் கீதா?"

துலுக்கானம் துணியை உதறினார். "இன்னா அண்ணாத்தே பேசறே? அஞ்சு வருஷம் ரெண்டு பேரையும் அந்த ஸ்கூலுக்கு ஆட்டோல இட்டுக்கினு போனவன் நானு. பின்னாடி குந்திக்கினு ரெண்டும் ஆத்திசூடி கத்திக்கினு வரும். தெருவே கேக்கும்."

"தெருவுக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"தட்சிணாமூர்த்திக்கு?"

"அவருதான் எல்லாருக்கும் சொல்லிவெச்சாரு. லோகு சொன்னா ஆமான்னு தலையாட்டுங்கடா, நமக்கும் பொழுது போவுதுன்னு."

லோகநாதன் ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கதவைப் பூட்டிக் காவல் காத்திருக்கிறார். அந்த வீட்டுக்குச் சுவரே இல்லை என்று இப்போது ஒருவன் வந்து சொல்கிறான். அதுவும் சிரித்துக்கொண்டு, சீட்டில் உட்காரச் சொல்லி.

"ஏண்டா, ஒருத்தனாவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாதா?"

"எதுக்கு? நீ சந்தோசமா கீறே. எங்களுக்கும் நஷ்டம் இல்ல. பேனா கீதா அண்ணாத்தே?"

அன்று மதியம் லோகநாதன் தன் கடிதத்தை எழுதினார். நான்கு தாள் கிழிந்து ஐந்தாவதில் முடிந்தது. "என் மகளின் விண்ணப்பத்தில் பயிற்று மொழி ஆங்கிலம் எனக் குறிப்பிட்டது தவறு. அவள் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியிலேயே பயின்றாள். எதிர்வீட்டார் தம் மகளை ஆங்கில வழியில் சேர்த்திருந்ததால் நான் அவ்வாறு எழுத நேர்ந்தது." சித்ரா படித்துப் பார்த்துவிட்டு, "இதுலயும் எதிர்வீட்டு மேலதான் பழியா?" என்றாள். "உண்மையத்தானே எழுதச் சொன்னாங்க," என்றார் லோகநாதன்.

வசந்தா படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார். வெள்ளிக்கிழமை மதியமே சான்றிதழ் பதிவேறியது. புத்தகக் கட்டுகள் திரும்ப உள்ளே போயின.

இரண்டு மாதம் கழித்துக் கலந்தாய்வு. தேர்வாணைய அலுவலகத்துக்கு எதிரே மர நிழலில் அப்பாக்கள் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லோகநாதன் மட்டும் நின்றார். மூன்று மணி நேரம் நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விழுப்புரத்துக்காரர் ஒருவர், "உக்காருங்க ஐயா, கால் வலிக்கும்," என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

கிருஷ்ணப்பிரியா ஒரு மணிக்கு வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். கண்கள் ஈரமாக இருந்தன.

"கெடச்சுடுச்சுப்பா. இளநிலை உதவியாளர். வருவாய்த் துறை."

லோகநாதன் தாளை வாங்கினார். முதலில் தூரமாகப் பிடித்துப் படித்தார், பிறகு கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"தருமபுரின்னு போட்டிருக்கு?"

"ஆமா."

"நம்ம திருவள்ளூர் ஜில்லாவுல எடமே இல்லயா?"

"நாலு இருந்துச்சு."

"அப்பால ஏம்மா அவ்ளோ தூரம் எடுத்தே?"

கிருஷ்ணப்பிரியா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க யாருக்கும் உங்களத் தெரியாதுப்பா. நான் எந்த மீடியம்னு எவனும் கேக்க மாட்டான்."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அந்த விஷயத்தில் அவள் அசல் நாலாம் தலைமுறை. தாளை நான்காக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

விழுப்புரத்துக்காரர் எழுந்து வந்தார். "எந்த ஊருங்க ஐயா கெடச்சுது?"

"தருமபுரி."

"அடடா. பொம்பளப் பிள்ளைக்கு ரொம்ப தூரமாச்சே."

லோகநாதன் முதுகை நிமிர்த்தினார்.

"பக்கத்துலயே நாலு எடம் காலியா இருந்துச்சு," என்றார். "நான்தான் தருமபுரி எடுக்கச் சொன்னேன்."