புதுப்பந்து சுஜிதனுக்கு

எங்கள் அணித்தலைவன் றொமேஸ் புதுப்பந்தைச் சுஜிதனிடம் எறிந்தபோது பகிடி என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரைப் பெடியன்கள். முப்பது ஓவர் ஆட்டத்துக்காக, கடலில்லாத அக்கராயனுக்கு வந்திருந்தோம். மூன்று வருடமாக முதல் ஓவரை வேகமாகப் போடுகிறவன் நான். அன்று மாகாண அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து, மரநிழலில் கதிரை போட்டு இருந்தார்கள். சுஜிதன் போடுவது மெதுவான சுழல். அடுத்த மாதம் றொமேஸின் தங்கச்சி டிலுசாவைக் கட்டப்போகிறவனும் அவன்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"எல்லா ரீமும் வேகத்தாலதான் தொடங்குது. இவங்களும் அதுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். மெதுவா வந்தா அவசரப்பட்டுத் தூக்குவாங்கள், பார்."

"சீதனத்தில புதுப்பந்தும் சேர்த்தியோ?"

"ஸ்ரீபன், வாயைப் பொத்திக்கொண்டு எல்லையில போய் நில்லு."

எங்கள் பக்கம் யாரும் அப்படித் தொடங்கியதில்லை. எல்லையில் நின்று றொமேஸையும் சுஜிதனையும் கவனித்தேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் வாயைக் கையால் மறைத்துக் கதைத்தார்கள். மூன்றாவது ஓவரில் ஒருவன் அவசரப்பட்டுச் சுழற்றி, குச்சி பறந்தது. கதிரையில் இருந்தவர்களில் ஒருவர் ஏதோ எழுதினார். என் பெயரை அல்ல.

ஐந்தாவது ஓவரில் அவர்களின் நல்ல ஆட்டக்காரன் தூக்கி அடித்தான். பந்து என் தலைக்கு மேலே வந்தது. எங்கள் கரையில் உயரப் போகும் பந்தைக் கடல்காற்று நாலைந்து அடி தள்ளிக்கொண்டு போகும். நான் அந்தக் கணக்கில் ஓடிப்போய்க் கையை ஏந்தினேன். அக்கராயனில் காற்றே இல்லை. பந்து நான் முதலில் நின்ற இடத்திலேயே விழுந்தது.

"பந்து தரேல்லை எண்ட கோவமோடா?" விக்கெட் காப்பாளன் கிருபன் கத்தினான்.

றொமேஸ் கடைசிவரை எனக்கு ஒரு ஓவர்கூடத் தரவில்லை. தப்பியவன் எண்பது அடித்தான். தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் சுஜிதன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"கடல்காத்தெண்டு நினைச்சுத்தானே ஓடினனீ?"

"ஓமடா."

"எனக்குத் தெரியும். நானெண்டாலும் அப்பிடித்தான் ஓடியிருப்பன்."

நம்பித்தான் சொன்னானா, றொமேஸ் அனுப்பி வந்தானா? முன் இருக்கையைப் பார்த்தேன். றொமேஸ் திரும்பவில்லை. ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரு காதின் இயர்போனை மட்டும் கழற்றி வைத்திருந்தான்.

நான் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, "ஓம்" என்றேன்.