நீல ஜன்னலில் உயர்ந்த கை

அன்று மாலை நான்கு மணிக்கு அந்த ஓட்டலின் வரவேற்பறையில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளியம்மா பிரம்பு நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும், அவர் முகத்தில் விழாது. அவருக்கு வலப்பக்கம் ஒரு முக்காலியின் நுனியில் மேனேஜர். அவர் முதலாளியம்மாவின் அக்கா மகன். எதிரே, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும் தாழ்ந்த சோபாவில் நான். என் பக்கத்தில் என் மனைவி. அவளை யாரும் கூப்பிடவில்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. ஐந்தாவது ஆள் உட்காரவில்லை. பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் அம்மா அவர். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றார். கையில் நான் எழுதிய தாள்.

"இத எழுதினது யாரு?" என்று கேட்டார்.

முக்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்தார். முதலாளியம்மாவும் பார்த்தார். என் மனைவி சுவரைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு அறைகளே உள்ள, அறைக்கு ஓர் அலங்காரம் என்று செய்து வைத்திருக்கும் பூட்டிக் ஓட்டல்களுக்கு நான் நடைத்தாள் எழுதுகிறேன். வாசலில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் என்ன பார்க்கலாம், எத்தனை நிமிஷம், எங்கே நிழல், எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் அந்த மடிப்புத் தாளில் இருக்கும். அறை மேசையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இந்த முதலாளியம்மாவுக்கு ஐந்து ஓட்டல். ஐந்துக்கும் நான்தான்.

கவுன்டர் அம்மா தாளைப் பிரித்து, டிக்கெட் விலை சொல்லும் அதே குரலில் வாசித்தார்: "'பழைய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடப்பக்கச் சந்தில் திரும்புங்கள். மூன்றாவது வீட்டின் நீல ஜன்னலில், காலை எட்டு மணி வாக்கில், ஒருவர் போவோர் வருவோருக்கெல்லாம் கை உயர்த்துவார். நீங்களும் உயர்த்துங்கள்.' அவன் என் தம்பி. அவன் யாருக்கும் கை காட்டல. கைக்குப் பயிற்சி பண்றான்."

தம்பி பஸ் டிரைவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஜன்னலின் குறுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கையை மேலே ஏற்ற வேண்டும், தினம் இருபது தடவை என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் டிப்போவில் உடற்தகுதிப் பரிசோதனை. கை தோளுக்கு மேலே போனால் வண்டி.

"போகலன்னா ஷெட்டுல உட்கார்ந்து டயர எண்ண வேண்டியதுதான். இப்ப பதினெட்டு நாளா ஜன்னலச் சாத்திட்டான். ஏன்னா தினமும் உங்க ஓட்டல்ல இருந்து ஒரு கூட்டம் வந்து வெளிய நிக்குது."

முதலாளியம்மா மெதுவாகத்தான் பேசினார். "அவர் பேரு போடலயே, வீட்டு நம்பரும் போடல. எங்க விருந்தாளிங்க புத்தகத்தப் பாருங்க, பாதிப் பேர் அந்த ஜன்னலப் பத்திதான் எழுதியிருக்காங்க. மனசுக்கு இதமா இருந்துச்சாம்."

"அவங்க மனசுக்கு. இவன் கைக்கு?"

மேனேஜர் முக்காலியில் இன்னும் நுனிக்கு வந்தார். "சித்தி... மேடம், வேணும்னா அந்த ஜன்னல்ல நம்ம ஆள் ஒருத்தர நிக்க வெச்சு..."

"எங்க வீட்டு ஜன்னல்லயா?" என்றார் கவுன்டர் அம்மா.

மேனேஜர் பழைய இடத்துக்கே நகர்ந்தார்.

"யோசிக்கிறோம்மா" என்றார் முதலாளியம்மா.

"யோசிங்க. நாள் ஓடிட்டிருக்கு." அந்த அம்மா தாளை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். மேசையில் வைக்கவில்லை.

அவர் போனதும் முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "சீசனுக்கு முன்னாடி புதுசா ஐந்நூறு தாள் வேணும். நாளைக்கு மதியத் தபால்ல அச்சகத்துக்குக் கடிதம் போயிடணும். அந்த வரி அப்படியே இருக்கட்டும். நீல ஜன்னல் படமும் சேர்த்துடுங்க." எழுந்துகொண்டே சிரித்தார். "மத்த நாலு ஓட்டல் தாளும் இந்த வருஷம் மாத்தணும். நீங்கதானே எழுதப் போறீங்க?"

அச்சகத்தில் என் கையெழுத்துக் கடிதம் இல்லாமல் ஒரு எழுத்தையும் தொடமாட்டார்கள். போனில் யார் எதைச் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், "கடிதம் வரட்டும்" என்பார்கள். பத்து வருடத்துக்கு முன் நானே கேட்டு வாங்கிய விதி அது. அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் குளிக்கும் தொட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு திரைகூட இல்லை.

"இது என்னங்க கூத்து? கட்டில்ல இருந்து உருண்டா நேரா தண்ணியில விழணும் போல" என்றாள் மனைவி. ஈரத் துண்டோடு அறையைச் சுற்றி வந்தாள். "இவ்வளவு அழகா கட்டினவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தோணலையா? இத எங்க மாட்டறது, என் தலையிலயா?"

ஜன்னலுக்குப் போனேன், கதவுக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன், அது பின்னால் சாய்ந்து என்னை விழுங்கப் பார்த்தது. எழுந்தேன். விளக்கின் சுவிட்சைத் தேடினேன், கிடைத்தது. அணைத்தால் வேறு விளக்கு அணைந்தது.

"அடி எண்ணினேன். இந்த ரூமுக்குள்ளயே முந்நூறு தாண்டிட்டீங்க. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?"

"மூணு நாள் பார்த்தேன்" என்றேன். "மூணு நாளும் அதே நேரம். நான் போறப்ப எல்லாம் கை மேல இருந்துச்சு. சரிபார்க்காம நான் ஒரு வரியும் எழுதறதில்ல."

அது உண்மை. என் நோட்டில் அடிகளுக்கு ஒரு கட்டம், நிமிஷத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, வழியில் நாய் உண்டா என்பதற்கும் ஒன்று. ஒரு பாதையை மூன்று முறை நடந்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தாளில் ஏற்றுவேன்.

"அந்த மூணு நாள்ல ஒரு நாளாவது நின்னு, 'என்ன தம்பி, நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டீங்களா?"

"வேலை நேரத்துல நான் யாரோடயும் பேசறதில்ல. கவனம் போயிடும்."

"தெரியுமே. என்னோடயும்தான் பேசறதில்ல." ஈரத் துண்டைத் தொட்டியின் விளிம்பில் போட்டாள். அது வழுக்கி உள்ளே விழுந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு இருவரும் இறங்கினோம். வாசலில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரை எழுநூற்று இருபது அடி. சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு ஜோடி, கேமராவோடு ஒரு பெண், அவளுடைய தோழி. நான்கு பேரும் சாத்தியிருந்த நீல ஜன்னலைப் பார்த்தபடி வலது கையை உயர்த்தி நின்றார்கள்.

"பஸ்ஸ நிறுத்தற மாதிரி நிக்கறாங்க பாருங்க" என்றாள் மனைவி.

தொப்பிக்காரர் என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வரமாட்டாரா சார்? எட்டு மணின்னுதானே போட்டிருக்கு. நேத்தும் ஏமாத்திட்டாரு."

"வரமாட்டாருங்க. தப்பா போட்டிருக்கு" என்றேன். அவர்கள் தாளை மறுபடி படித்துப் பார்த்தார்கள். என்னைவிடத் தாளைத்தான் நம்பினார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டையே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவைத் தட்டினேன். கவுன்டர் அம்மா திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்துக் கொஞ்சம் வழி விட்டார்.

டிரைவர் நாற்பது வயது இருக்கும், ஆஜானுபாகுவான ஆள். வலது கை மட்டும் இன்னொருவருடையதுபோல் பக்கத்தில் தொங்கியது.

"ஓ, நீங்களா சார்! மூணு நாள் நோட்டுப் புஸ்தகத்தோட போனீங்களே. ரெண்டாம் நாள் எனக்குக் கை வேற தூக்கினீங்க. பாவம், யாரோ தெரிஞ்சவங்கன்னு நெனச்சுட்டாரு போலன்னு நானும் பல்லக் காட்டினேன்."

"அத நான் எழுதிட்டேன்" என்றேன்.

"அதுக்கப்புறம் வந்தாங்க பாருங்க. ஒருநாள் பதினொண்ணாவது தடவை. கை மேலயும் போக மாட்டேங்குது, கீழயும் வர மாட்டேங்குது. கம்பியப் பிடிச்சுட்டுப் பல்லக் கடிச்சுட்டு நிக்கறேன். வெளிய எட்டுப் பேர் கை தட்டறாங்க!" அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கிச் சாத்தினதுதான் சார்."

"வேற ஜன்னல் இல்லையாப்பா?" என்று கேட்டாள் மனைவி.

"சமையக்கட்டு ஜன்னல்ல குறுக்குக் கம்பி இல்லம்மா. கதவுல கயிறு கட்டிப் பார்த்தேன். கதவு என்னை அடிச்சுடுச்சு. இதச் சாத்திட்டுப் பண்ணலாம்னா கம்பிக்கு இந்தப் பக்கமாதான் கதவு வருது, பிடி கிடைக்காது."

ஜன்னல் சட்டத்தில் பென்சில் கோடுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியோடு. அக்கா போட்டவை. கோடுகள் மாதா மாதம் மேலே ஏறி, ஐந்தாவது கம்பியில் நின்றிருந்தன. அக்கா ஜன்னலைத் திறந்தார். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு டிரைவர் கையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கம்பியில் விரல்கள் நடுங்கின. அதற்கு மேல் போகவில்லை.

பதினெட்டு நாளில் இரண்டு கம்பி. அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

"டெஸ்ட்டுக்கு இருபத்தாறு நாள் இருக்கு" என்றார் அக்கா. "தினமும் பண்ணினா ஏறிடும்னு சொல்றாங்க. என்ன செய்யப் போறீங்க?"

"எழுதறேன்மா."

"எழுதித்தானே இப்படி ஆச்சு?"

வெளியே வந்ததும் மணி பார்த்தேன். எட்டே முக்கால். பன்னிரண்டுக்குத் தபால் மூட்டை கட்டிவிடுவார்கள். தாளிலிருந்து இந்தச் சந்து வழியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு வழி சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னாலேயே வலப்பக்கம் ஒரு தெரு ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. நான் அதை ஒரு தடவைகூட அளந்ததில்லை.

"மூணு தடவை நடக்க நேரம் இல்லையே" என்றேன்.

"நீங்க ஒண்ணு எண்ணுங்க, நான் ஒண்ணு எண்ணறேன், திரும்பி வர்றது மூணு. நடங்க."

நடந்தோம். தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை. வாசலில் பழைய சுழல் நாற்காலி, எழுதுவதற்கென்றே போட்டு வைத்த மாதிரி. நோட்டைத் திறந்தவன் மூடினேன். உள்ளே போய்க் கேட்டேன். "அண்ணே, உங்க கடையப் பத்தி ஓட்டல் தாள்ல ஒரு வரி எழுதலாமா?"

"எதுக்கு சார்? இருக்கற தலைகளையே வெட்டி முடிக்க முடியல. வேணாம்."

எழுதவில்லை. அடுத்தது பழைய பூட்டுகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்த ஒரு கடை. பூட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். "தாராளமா எழுதுங்க. ஞாயித்துக்கிழமை லீவுன்னும் சேர்த்து எழுதுங்க, இல்லன்னா வந்து கதவ இடிப்பாங்க." அதையும் எழுதிக்கொண்டேன். ஆற்றங்கரைப் படிக்கட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்றேன் நான். ஆயிரத்து நூற்று நாற்பது என்றாள் மனைவி. "என் அடி சின்னதுங்க" என்றாள். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பும்போது பதினொன்று. எழுதுவதற்கு ஏற்ற உயரத்தில் அந்த அறையில் ஒன்றுமில்லை. அழகுக்கு வைத்திருந்த மரப்பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றி, முட்டி போட்டு எழுதினேன். இடம், தேதி, பொருள்: நடைத்தாள் திருத்தம்.

'நான்காம் பத்தியை முழுவதும் நீக்கவும். நீல ஜன்னல் பற்றிய குறிப்போ படமோ எந்தப் பதிப்பிலும் வரலாகாது. அதற்குப் பதில் இத்துடன் உள்ள ஆற்றங்கரை வழியைச் சேர்க்கவும். பூட்டுக் கடைக்காரரின் சம்மதம் பெறப்பட்டது. முந்தைய அச்சில் மிச்சம் இருக்கும் தாள்களை ஓட்டலுக்கு அனுப்ப வேண்டாம்.'

கையெழுத்துப் போட்டேன். முதலாளியம்மாவுக்கு ஒரு பிரதி எடுத்தேன். அதன் கீழே மட்டும் ஒரு வரி கூடுதல்: மற்ற நான்கு ஓட்டல்களின் வேலையை நீங்கள் விரும்பியவரிடம் கொடுக்கலாம், என் நோட்டுகளை ஒப்படைக்கிறேன்.

மனைவி தோளுக்கு மேலே படித்தாள். "கடைசி வரி வேணுமா?"

"அவங்க எப்படியும் சொல்லப் போறாங்க. நானே சொல்லிடறேன்."

"சரி போங்க. துண்டு மாட்ட ஆணி இருக்கற வீட்டுலயே இருந்துக்கலாம்." கைப்பையை எடுத்தாள். அது உப்பியிருந்தது.

"என்ன அது?"

"நீங்க எழுதிட்டிருந்தப்ப, ரூம் சுத்தம் பண்றவங்களோட ஒரு சுத்து போய் வந்தேன். பத்து ரூம் தாள் இதுல இருக்கு. ஒம்பதாம் நம்பர்ல மட்டும் எடுக்க முடியல, ஆள் உள்ள இருக்காங்க."

கீழே மேனேஜர் கையை நீட்டினார். "அச்சகத்துக்குத்தானே சார்? குடுங்க, நம்ம தபாலோட போட்டுடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பிரதியை அவர் கையில் வைத்தேன். "இது உங்க சித்திக்கு. அது என் கையாலயே போகட்டும்."

தபால் நிலையம் நானூற்றுப் பத்து அடி. வேகமாக நடந்ததில் எண்ணிக்கை தப்பியிருக்கலாம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். உறையின் விளிம்பில் பசை தடவி, மடித்து, விரலால் இருமுறை அழுத்தினேன். மனைவியின் பையில் இருந்த என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"முதலாளியம்மாதான்."

"அடிக்கட்டும்."

அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. முன்னால் இருந்தவர் நகர்ந்தார். கவுன்டரில் இருந்தவர் உறையை எடைபோட்டு, முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த மூட்டைக்குள் எறிந்தார். வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினார்கள்.