கிற்றார் லைன்

மாப்பிள்ளையும் பொம்பிளையும் கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரம், சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருந்த றிபாஸ், மேடையில் வாசித்துக்கொண்டிருந்த றஜித்தின் கிற்றார் லைனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். விடியவே முல்லைத்தீவிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக் கிளிநொச்சிக்கு வந்து, வயர் இழுத்துக் கட்டி முடித்த களை. உடம்புக் களை நித்திரை கொண்டால் போய்விடும். இது அப்படிப் போகிற களை இல்லை.

இசைக்குழுவை நடத்துகிற அனோஜன் போன மாதம்தான் சொன்னான்.

"றிபாஸ் நானா, றஜித் அண்ணையின்ர லைனைக் குறைச்சு விடுங்கோ. லப்ரொப்பில ஓடுற பாட்டில கிற்றாரும் சேர்ந்தே வருது. அவர் செத்தவீடு மாதிரி இழுக்கிறார், சனம் சாப்பிடேலாமல் கிடக்கு."

"அவருக்குச் சொல்லீற்றீரோ?"

"ஏன் மனுசனை நோகடிப்பான்? மொனிற்றரில அவருக்குக் கேட்கும்தானே."

கேட்கும். மேடையில் காலடியில் கிடக்கும் அந்தச் சின்னப் பெட்டி, வாசிப்பவனுக்கு அவனையே கேட்கவைக்கும். மண்டபத்துக்கு என்ன போகிறது என்பது மிக்சரில் இருப்பவன் கையில். றிபாஸும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டான். அனோஜன் கூப்பிடாவிட்டால் அவனுடைய பெட்டிகள் வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கும்.

றஜித் லேசுப்பட்ட ஆளா என்ன? தேவாலயத்தில் காலைப் பூசையில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசிப்பான். அதே கையால் பின்னேரம் பைலா அடித்துக் கதிரையோடு ஒட்டிப்போன கிழவர்களையும் எழுப்பிவிடுவான். ஆனால் அவன் அவனாக இருப்பது புளூஸ் என்ற அந்தச் சோக இசையில்தான். சினிமாப் பாட்டின் நடுவே ஒரு சந்து கிடைத்தால் போதும், நுழைந்துவிடுவான். கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றி, சேரவேண்டிய இடத்துக்கு மயிரிழை கீழே நிறுத்திவைப்பான். யுத்தத்தில் ஊரை விட்டுப் போனதையும் பிறகு திரும்பி வந்ததையும் றிபாஸுக்கு யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. இப்போது அது அவனுடைய ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கிறது.

இடைவேளையில் றஜித் சோடாவோடு வந்தான்.

"இண்டைக்குக் கை நல்லா வருது மச்சான். கேட்டனியோ?"

"கேட்டனான்."

"சனம் என்னவாம்?"

"சாப்பிடுதுகள்."

"சாப்பிடட்டும்," என்று சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனான். றிபாஸுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த பாட்டுக்குள் றஜித் புளூஸை இழுக்கத் தொடங்கியதும், றிபாஸ் லப்ரொப்பின் சத்தத்தை இறக்கி கிற்றார் லைனை முழுக்க ஏற்றினான். மண்டபம் அதிர்ந்தது. ஓரிருவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கோழிக்காலைக் கடித்தார்கள். அனோஜன் சாப்பாட்டுக் கையோடு எழும்பினான்.

றஜித்தின் கை ஒரு கணம் நின்றது. தன்னுடைய சத்தம் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவதை அவன் கேட்டான். இவ்வளவு நாளும் அது வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நேரே றிபாஸைப் பார்த்தான். பிறகு மண்டபத்துக்கும் றிபாஸுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வாசித்தான்.