அழகு நிலையம் திறந்திருக்கும்

நான்காவது கீமோவும் பலிக்கவில்லை. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. ஊர்த் தலைகளுக்கெல்லாம் முடி திருத்தியவளுக்குத் தன் தலையில் ஒரு முடி மிச்சமில்லை. இன்னொன்று போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார்.

வலி தணிப்புப் பிரிவின் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். ஃபைலைத் திறக்காமல், ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

நோய் வந்த இரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"பார்லரைத் திறக்கணும்."

"அப்ப முதல்ல வலியை அடக்குவோம்." மார்ஃபின் எழுதினார்.

அண்ணன் பதறினார். "அது போதை மருந்தாச்சே! பழகிப் போயிடுமே!"

"விடிய விடிய கத்துறேனே, அது மட்டும் நல்ல பழக்கமா?" என்றாள். "கீமோ இனிமே வேண்டாம்ணா. சொல்லிட்டேன்."

"அப்ப சாகப்போறியா?"

"அது வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் என் பொழைப்பைப் பாக்கணும்."

அண்ணன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அந்த மூன்று நாளும் மருந்து மயக்கத்தில் தூங்கி வழிந்தாள், குமட்டலில் தவித்தாள். டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று அண்ணியிடம் சண்டை பிடித்தாள்.

பத்தாம் நாள் ஷட்டர் ஏறியது. இடுப்பில் பெல்ட், சக்கர ஸ்டூல், காலையில் இரண்டே மணி நேரம். மொட்டைத் தலையை அவள் மறைக்கவில்லை.

முதலில் வந்த பாங்க் அம்மா நாற்காலியில் நெளிந்தார். "இந்த நிலைமையில உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நோய் எனக்கு. தலை உங்களுது. ஆட்டாம உக்காருங்க."

இரண்டரை மாதம் வெட்டினாள். பிறகு கை தளர்ந்தது. ஒரு மதியம் மூச்சு வாங்கியபோது அண்ணன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள்: "வரமாட்டேன்."

அவளையே பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன், ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் வாசலுக்குப் போனார்.

"நோயாளி வரலை. நீங்க கிளம்புங்க."

"ஏதாவது ஆச்சுன்னா யார் சார் பொறுப்பு?"

"அவ முடிவு பண்ணிட்டா. நான் அவ பக்கம்."

டாக்டரம்மா வந்து மருந்தைக் கூட்டினார், மூச்சு சீரானது. ஆறாம் நாள் அதே கட்டிலில் வலியில்லாமல் போய்ச் சேர்ந்தாள். முந்தின நாள் அண்ணனைக் குனியச் சொல்லி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எவன்ணா வெட்டினான்? ஒரு கிருதா ஏறி நிக்குது."

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். உண்மைதான்.