ஒரு ஜோடிக்கு ஒரு கோல்

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு சங்கதி கேட்க முடியவில்லை. கேட்டால் போனை நீட்டுகிறார்கள். இந்தக் கோலின் மரம் எப்படி என்று கேட்டால் தடவிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் போனுக்குள் நின்று பேசுகிறான், அதை என் மூக்குக்கு முன்னால் பிடிக்கிறார்கள். பில்லியர்ட்ஸ் ஆட வருகிறவன் முதுகில் துப்பாக்கி மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு வருகிறான். உள்ளே மூன்று கோல், கையுறை, துண்டு, எண்ணெய். அடித்த பந்து குழி வாசலில் போய் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறது. ஏண்டா என்றால் கோல் சரியில்லையாம்.

நான் நாலாவது வரைதான் படித்தவன். மணிலாவுக்கு வடக்கே, எங்கள் ஊர் குவாகுவாவிலிருந்து சான் பெர்னாந்தோவுக்கு முப்பத்தெட்டு வருஷம் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டினேன். என்னை ஏமாற்றப் பார்த்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்த ரோடு பத்தாது. அதனால் யார் எதை விற்க வந்தாலும் முதலில் வேண்டாம் என்றுவிடுவேன். அப்புறம்தான் என்ன என்று கேட்பேன். அப்பேர்ப்பட்ட நான்தான் என் தம்பிக்கு ஒரு ஷாஃப்ட் பார்க்கப் போனேன்.

தம்பி பெயர் நார்சிசோ. ஊருக்கு சிசோ. என்னைவிட ஏழு வயது சின்னவன். எங்கள் டிசம்பர் திருவிழாவில் ஜோடி ஆட்டம் ஒன்று உண்டு. ஒன்பது பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி கூட்டாளியுடையது. ஒரு ஜோடிக்கு ஒரே கோல்தான். அடித்ததும் கோலைக் கூட்டாளி கையில் கொடுக்க வேண்டும். நடுவில் கோலையும் மாற்றக் கூடாது, கோலின் முன்பாதியான ஷாஃப்டையும் கழற்றி மாற்றக் கூடாது. நானும் சிசோவும் இருபத்தொன்பது திருவிழா அப்படி ஆடியிருக்கிறோம். நான் வெள்ளைப் பந்தை வாகான இடத்தில் வைத்துக் கொடுப்பேன். அவன் குழியில் போடுவான். போடுவதில் அவனை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை, இதை அவனிடம் சொன்னதும் இல்லை.

போன வருஷம் ஆகஸ்டில், மழை நாளில், மார்க்கெட்டில் அவன் பெண்டாட்டி பெனிங்கின் கஞ்சிக் கடையிலேயே விழுந்தான். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது பக்கம் செத்துப்போய், நாலு மாதத்தில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அந்த டிசம்பரில் நாங்கள் ஆடவில்லை. அதிர்ஷ்டக்காரர் என்றார் டாக்டர். ஜனவரியில் கோலைக் கையில் எடுத்தான். நடுவில் அடித்த பந்தெல்லாம் விழுந்தது. எனக்கு மனசு நிறைந்தது. அப்புறம் பக்கத்தில் அடித்தான்.

பில்லியர்ட்ஸ் ஆடாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பந்தை நடுவில் குத்தினால் நேராகப் போகும். வலப்பக்கம் குத்தினால் சுழன்றுகொண்டு போகும், ஆனால் போகிற பாதை ஒரு நூல் இடப்பக்கம் நழுவும். தூரம் போகப் போக அந்த நூல் ஒரு விரலாகும். அதனால் குறியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்று யாரும் சொல்லித் தர முடியாது. மீனைத் தின்னும்போது வாய் முள்ளை ஒதுக்குகிறதே, அது மாதிரி. கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

சிசோவின் கைக்குத் தெரிந்தது அந்த ஆகஸ்டோடு போய்விட்டது. ஒவ்வொரு பந்தும் ஒரே பக்கம், ஒரே விரலளவு தவறியது.

நான் நம்பவில்லை. பழக்கம் விட்டுப்போச்சு, வேறொன்றுமில்லை என்றேன். தினமும் காலையில் தேயோவின் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே நாலு மேஜை, மூலையில் தேயோ கோல் கடைகிற பட்டறை. நூறு பந்து அடித்தால்தான் கஞ்சி. தவறினால் கத்துவேன். "வலது பக்கம் தள்ளி வைடா, எருமை." தள்ளி வைப்பான். ஒரு தடவை அதிகமாகும், ஒரு தடவை குறையும். யோசித்துத் தள்ளினால் வருமா அது? இப்படி ஒன்பது மாதம். ஒரு நாள் கூட எதிர்த்துப் பேசவில்லை. சின்ன வயதில் இப்படியெல்லாம் இருந்தவன் இல்லை அவன்.

அக்டோபரில் ஒரு காலை, எண்பதாவது பந்தோ என்னவோ, கோலை மேஜைமேல் வைத்துவிட்டான்.

"அண்ணே, போதும்."

"இன்னும் இருபது இருக்கு."

"உனக்காகத்தான் இத்தனை நாள் அடிச்சேன். எனக்கு ஜனவரியிலேயே தெரியும், அது திரும்பாதுன்னு. முன்னாடி எங்க தள்ளி வைக்கணும்னு நான் யோசிச்சதே கிடையாது. இப்ப யோசிச்சு யோசிச்சு மண்டை வலிக்குது, வரல."

கோலை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை.

"மார்க்கெட்ல நடந்தா 'பாவம் சிசோ'ங்கறாங்க. மீன் விக்கறவ எனக்குப் பெரிய மீனா எடுத்துத் தரா. அதத் தின்னவே முடியல. இந்த டிசம்பர்ல ஒரு தடவை சனங்க முன்னாடி நின்னு பந்து போடணும் அண்ணே. அப்புறம் என்ன ஆனாலும் சரி."

பட்டறையிலிருந்து தேயோ எட்டிப் பார்த்தான். மரத்தூள் தலையோடு எப்போது பார்த்தாலும் மாவு மில்லில் இருந்து வந்தவன் மாதிரி இருப்பான். திருவிழா ஆட்டத்தை நடத்துகிறவனும் அவன்தான்.

"கோரியோ அண்ணே, நான் மார்ச்சிலேயே சொன்னேன். பந்து அதிகம் நழுவாத ஷாஃப்ட் இருக்கு. போட்டுப் பாக்கட்டும்."

"உனக்கு விக்கணும்."

"விக்கத்தான் கடை வெச்சிருக்கேன். ஜெபம் பண்ணவா வெச்சிருக்கேன்?"

மூன்றை எடுத்து வந்து மேஜைமேல் பரப்பினான். முதலாவது மேப்பிள் மரம், முனையிலிருந்து ஒரு சாண் வரை உள்ளே குடைந்தது. இரண்டாவது மரத்தைச் சீவல் சீவலாக வெட்டிச் சுற்றி ஒட்டியது. மூன்றாவது மரமே இல்லை. கறுப்பு. கார்பன் என்றான்.

"ஏன் குடையறீங்க? உள்ள இருந்த மரத்தை என்ன பண்ணினீங்க?"

"முன்பக்கம் கனமா இருந்தா குச்சி பந்தைத் தள்ளிவிட்டுடும் அண்ணே. லேசா இருந்தா குச்சி ஒதுங்கிக்கும். பந்து நீங்க பார்த்த இடத்துக்கே போகும்."

"ஒதுங்கிக்குதா. பெனிங்கோட அண்ணன்மாதிரி, வேலை வந்தா."

சிசோ சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான், வாய் ஒரு பக்கம் மட்டும் போனது.

தேயோ ஒரு பந்தை மூலைக் குழிக்கு நேராக, மேஜையின் அந்தக் கோடியில் வைத்தான். வெள்ளைப் பந்து இந்தக் கோடியில். "வலப்பக்கம் நல்லா குத்துங்க. எதையும் தள்ளி வைக்காதீங்க. நேரா பாருங்க." குடைந்த மரத்தில் ஆறு அடித்தான், இரண்டு விழுந்தது. மற்றது அரை விரல் தவறியது. ஒட்டுச் சீவலில் நாலு விழுந்தது. கறுப்பை மாட்டினான் தேயோ. சத்தம்கூடச் சரியில்லை அதற்கு. மரம் அடித்தால் ஒரு குரல் வரும். இது தண்ணீர்க் குழாயைத் தட்டுகிற மாதிரி டொக்கென்றது.

ஆறும் விழுந்தது.

சிசோ எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அந்தக் கறுப்புக் குச்சியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றேன். "குடு இங்க."

நான் அடித்தேன். நேராகத்தான் அடித்தேன். வெள்ளைப் பந்து வலப்பக்கம் தள்ளிப் போய் இடிக்க, மற்றப் பந்து குழியை ஒரு விரல் தவறிக் கரையில் முட்டியது. மறுபடி அடித்தேன். அதே விரல். என் கை தன்பாட்டுக்குக் குறியைத் தள்ளி வைக்கிறது, இந்தக் குச்சியோ நழுவ மாட்டேன் என்கிறது. தேயோ மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிசோவும் மேஜையைத்தான் பார்த்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரு ஜோடிக்கு ஒரு கோல்.

விலையைக் கேட்டேன். தேயோ சொன்னான். மறுபடி கேட்கவில்லை, எடுத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் காலையில் அவன் பத்துப் பந்து அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். நூறு அடித்தது நான். தள்ளி வைக்காதே, தள்ளி வைக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடிப்பேன். சொல்லும்போது விழும். கொஞ்சம் அசந்தால் கை பழைய வேலையைக் காட்டிவிடும். எழுபத்தொரு வயது. சிசோ என்னைத் திட்டவில்லை. ஒரு தடவையாவது எருமை என்று சொல்லியிருக்கலாம்.

பெனிங் இஞ்சி போட்ட கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒருத்தருக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. இன்னொருத்தருக்கு மறக்கமாட்டேங்குது. நல்லா வந்து சேந்தீங்க."

"உன் வேலையப் பாரு."

"என் வேலை இது. புருஷன் தூங்க மாட்டேங்கறாரு. அண்ணனுக்கு இந்தக் குச்சி சரியா வரலைன்னா பழசையே போட்டுக்கலாம்னு சொல்லிட்டிருக்காரு. நீங்க கேட்டா தலையாட்டிடுவாரு. அதான் பயமா இருக்கு எனக்கு."

எனக்கும் அதுதான் பயம். பழைய ஷாஃப்டைப் போட்டால் நான் ஆடுவேன், அவன் ஊர் முன்னால் தவற விடுவான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தலையாட்டிவிடுவான். ஒன்பது மாதம் தலையாட்டியவன்.

தேயோவிடம் போனேன். வாழ்நாளில் யாரிடமும் சலுகை கேட்டதில்லை, கேட்டேன். "எங்களுக்கு மட்டும் இந்த வருஷம் ரெண்டு கோல் விடு."

தேயோ கடைசலை நிறுத்தினான். "அண்ணே, மணிலாவிலேர்ந்து ஒரு ஜோடி ரெண்டு கோலோட வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒருத்தனுக்குக் கை குட்டைன்னு கெஞ்சினாங்க. விடலாம்னு நான் சொன்னேன். கூடவே கூடாதுன்னு மேஜை மேல ஏறி உக்காந்தது யாரு?"

"நான்தான்."

"இப்ப உங்களுக்கு விட்டா ஊர்ல என் மூஞ்சில துப்புவாங்க. உங்க மூஞ்சிலயும்."

அவன் சொன்னது நியாயம். அதுதான் எரிச்சல்.

திருவிழா அன்று மத்தியானம் கொட்டகை நிறைந்துவிட்டது. மாதா கோயிலில் பேண்டு வாத்தியம் ஓய்ந்து சனம் எல்லாம் இங்கேதான். பன்றிக் கறி வாசனை. சிசோ புதுச் சட்டை போட்டிருந்தான், தலையில் எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தான். கறுப்பு ஷாஃப்ட் மாட்டிய கோல் கையில். என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, பழச மாட்டிடலாமா? நான் நடுவுல மட்டும் அடிச்சு சமாளிச்சுக்கறேன்."

"பேசாம இரு."

தேயோவின் மேஜைக்குப் போனேன். பெயர் எழுதுகிற நோட்டு. எங்கள் பெயர் மூன்றாவது. "கோரியோங்கற பேரை அடிச்சிடு. ஜோமெல்னு எழுது." ஜோமெல் ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். பையோடு வருகிற ஆட்களில் ஒருத்தன். கறுப்புக் குச்சியைத் தவிர வேறு எதையும் தொட்டதே இல்லை. காலையிலேயே அவனிடம் பேசி வைத்திருந்தேன்.

"பெரியவரே, நிஜமாத்தான் சொல்றீங்களா? அப்புறம் நான் தவறவிட்டா என்னைக் கொல்லுவீங்க," என்றான்.

"இப்பவே கொல்லலாம்னுதான் இருக்கேன். போய் நில்லு."

சிசோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "நீ இல்லாம நான் எதுக்கு அண்ணே ஆடணும்?"

"எனக்கு முதுகு வலிடா. ஆடிட்டு வா."

"உனக்கு முதுகு வலியே வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கு. வயசாச்சில்ல."

அவன் என்னைப் பார்த்தான். தலையாட்டிவிட்டான்.

கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பந்து, நீள அடி, வலப்பக்கம் குத்திப் போட வேண்டியது. சிசோ குனிந்தான். டொக்கென்றது. பந்து குழியில் இறங்கியது. சனம் கத்தியது. மீன் விற்கிறவள் கத்தியது தனியாகக் கேட்டது. அவன் நிமிர்ந்து, எப்போதும் போல, திரும்பிப் பார்க்காமல் கோலை இடது பக்கம் நீட்டினான். ஜோமெல் வலது பக்கம் நின்றான். கோல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. அப்புறம் ஜோமெல் சுற்றி ஓடி வந்து வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது முறையும் இடது பக்கம்தான் நீட்டினான். மூன்றாவது முறை நிமிர்ந்து, ஜோமெலைத் தேடிப் பார்த்து, வலது பக்கம் நீட்டினான். பந்து விழுந்துகொண்டுதான் இருந்தது.

பெனிங் என் பக்கத்தில் வந்தாள். கண்ணைத் துடைத்தாள். "பாத்தீங்களா அண்ணே. எவ்வளவு நேரா போகுது."

"யார் அடிச்சாலும் நேரா போகும் அதுல. அவன் அடிச்சான்னு எப்படிச் சொல்றது?"

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

அடுத்த ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்கினார்கள். நான் இருக்கவில்லை. மார்க்கெட் வழியாக நடந்தேன், கடைகள் எல்லாம் மூடியிருந்தன. பின்னால் மறுபடி கூச்சல் கேட்டது, எதற்கென்று தெரியவில்லை. இன்னும் ஆறு மாதம் பழைய மரக் கோலிலேயே அடிக்க விட்டிருந்தால் அவன் கைக்கு அது திரும்பியிருக்கும். டாக்டருக்கு என்ன தெரியும், தேயோவுக்கு என்ன தெரியும், அவனுக்கேதான் என்ன தெரியும். ஆறு மாதம். அதிகம் போனால் எட்டு.